மயாமி மனை விளம்பர மேப்பில் இருக்கும் தீவுகள் எங்கே?

கேள்வி:
மயாமிக்கு வேலை மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. போன ஞாயிறு பழைய பொருள் சந்தையில் ஒரு மேப் வாங்கினேன், 20 டாலர். மனை விற்க அச்சடித்தது. கடல் வெளிர் பச்சை, மனைகள் ரோஸ். மடிப்புகளில் பிய்ந்திருக்கிறது. ஆண்டு போடவில்லை. பின்பக்கம் யாரோ பென்சிலால் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பிஸ்கேன் விரிகுடாவில், வெனிஷியன் தீவுகளுக்கு வடக்கே இன்னும் சில தீவுகள், மனை எண்களோடு. நேரில் போய்ப் பார்த்தால் வெறும் தண்ணீர். மூழ்கிவிட்டதா?

பதில் 1:
மூழ்கவில்லை, பிறக்கவே இல்லை. ஒன்றின் பெயர் இஸோலா டி லோலாண்டோ என்றிருக்கிறதா பாருங்கள். தண்ணீரில் தூண் நட்டு, நடுவில் மண் கொட்டித் தீவாக்கி விற்பதாகத் திட்டம். 1926 ஜனவரியில் பிரின்ஸ் வால்டெமர் என்ற கப்பல் துறைமுக வாயிலிலேயே கவிழ்ந்து வழியை அடைத்தது. கட்டுமானச் சாமான் வரவில்லை. செப்டம்பர் 18 புயல் மிச்சத்தை முடித்தது. படகில் போனால் அந்தத் தூண்கள் இன்றும் தெரியும்.

ஆண்டைக் கண்டுபிடிக்கப் பாலங்களை நம்பாதீர்கள். வெனிஷியன் தீவுகள் வழியாக விரிகுடாவைக் கடக்கும் வெனிஷியன் காஸ்வே திறந்தது 1926-இல்தான். ஆனால் மனை விற்ற இந்த ஆட்கள் கட்டியதையும் கட்டப்போவதையும் ஒரே மையில்தான் போடுவார்கள். பொய் சொல்லத் தேவையில்லாத இடத்தைப் பாருங்கள்: ஊர் எல்லை. முன்பு தனி ஊராக இருந்த கோகனட் குரோவ் மயாமிக்குள் இருந்தால் 1925 செப்டம்பருக்குப் பிந்தியது.

பதில் 2:
ஸ்கேல் கோடு இருக்கிறதா? இருந்தாலும் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். கடற்கரையை இழுத்துப் பக்கத்தில் வைப்பது இவர்களுக்குக் கைவந்த கலை. 1920-களின் அந்த மனை மோகத்தில் முன்பண ரசீதையே கைமாற்றி லாபம் பார்த்தார்கள். நிலத்தைப் போய்ப் பார்க்கிறவர் குறைவு, மேப்பைப் பார்த்துத்தான் வியாபாரம்.

கேட்டவர்:
லோலாண்டோ இருக்கிறது! கோகனட் குரோவ் எல்லைக்குள். ஸ்கேல் கோடே இல்லை. அப்புறம் இன்னொன்று, லென்ஸ் வைத்ததும்தான் பார்த்தேன்: அந்தத் தீவின் ஓரத்தில் ஒரு மனையைச் சுற்றி மெல்லிய பென்சில் வட்டம். பின்பக்கக் கணக்கும் அதே மனை எண்ணில்தான் ஆரம்பிக்கிறது.

பதில் 1:
அடடா. கணக்குப் பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். எத்தனை தவணை கட்டினாரோ பார்ப்போம்.