சிஎஸ் பார்த்தால் போதுமாம்! (64-பிட் கர்னலில் 32-பிட் டிபக்கிங்)

கம்பைலர்கந்தன்:
நேற்று இன்னொரு இழையில் நிரல்வேடன் போகிற போக்கில் எழுதியது: "64-பிட் லினக்ஸில் 32-பிட் நிரலை டிபக் செய்ய, அதாவது பிழை தேட, லினக்ஸின் மையமான கர்னல் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். ப்ராசஸர் எந்த மோடில் ஓடுகிறது என்று காட்டும் சிஎஸ் ரெஜிஸ்டரைப் பார்த்தால் போதும். ஹெக்ஸ் 23 என்றால் 32-பிட், 33 என்றால் 64-பிட்." இதற்கு லைக் வேறு குவிந்திருக்கிறது. கர்னலில் டிபக்கருக்கு வழிசெய்யும் எக்ஸ்86 பீட்ரேஸ் கோப்பை ஒரு தடவையாவது திறந்து பார்த்தவர் இப்படிப் பேசுவாரா? 32-பிட் நிரலின் ரெஜிஸ்டரைப் படிக்கவும் எழுதவும் கெட்ரெக்32, புட்ரெக்32 என்று தனி ஃபங்ஷன்கள் அங்கே எதற்கு இருக்கின்றன, அழகுக்கா?

நிரல்வேடன்:
வந்துவிட்டார் வாத்தியார். அவை 32-பிட் டிபக்கரை 64-பிட் கர்னலில் ஓட்டுபவர்களுக்கு. என்னிடம் இருப்பது 64-பிட் ஜிடிபி டிபக்கர். எனக்கு சிஎஸ் போதும். நிரலின் சிஸ்கால்களை, அதாவது கர்னலிடம் அது கேட்கும் வேலைகளை, காட்டும் எஸ்ட்ரேஸ் கூடப் பல காலம் சிஎஸ்-ஐப் பார்த்துத்தான் முடிவு செய்தது.

கம்பைலர்கந்தன்:
தப்பு. 64-பிட் டிபக்கர் கெட்ரெக்செட் என்ற அழைப்பில் ரெஜிஸ்டர்களைக் கேட்டாலும் அதே கெட்ரெக்32 தான் ஓடும். எதிரில் இருப்பது 32-பிட் நிரல் என்றால் 17 ரெஜிஸ்டர், 68 பைட் வரும். 64-பிட் என்றால் 27 ரெஜிஸ்டர், 216 பைட். அந்த அளவை வைத்தே ஆளை அடையாளம் காணலாம். 2.6.34 கர்னலில் வந்த வசதி இது. கர்னல் ஒன்றும் செய்யவில்லையாம்!

அப்புறம் உங்கள் சிஎஸ். 64-பிட் நிரல் ஒன்றில் ஈஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் சிஸ்கால் எண்ணாக 4 போட்டு, 32-பிட் நிரல்களின் வழியான இன்ட் 80-ஐக் கூப்பிடுங்கள். சிஎஸ் 33 தான். ஆனால் கர்னல் 32-பிட் சிஸ்கால் பட்டியலைப் பார்த்து ரைட், அதாவது எழுதும் வேலையைச் செய்யும். பழைய எஸ்ட்ரேஸ் சிஎஸ்-ஐ நம்பி 64-பிட் பட்டியலைப் புரட்டும். அதில் 4 என்பது ஸ்டாட், கோப்பின் விவரம் கேட்பது. திரையில் எழுத்து விழுகிறது, எஸ்ட்ரேஸோ ஸ்டாட் என்கிறது, திரும்பிய மதிப்போ எழுதிய பைட் எண்ணிக்கை, 8. ஸ்டாட் எந்தக் காலத்தில் 8 திருப்பித் தந்தது?

நிரல்வேடன்:
64-பிட் நிரலில் இன்ட் 80 எழுதுகிற புண்ணியவான் யார்? உங்களைத் தவிர வேறு யாரும் கிடையாது. சாதாரண 32-பிட் நிரலுக்கு சிஎஸ் 23. முடிந்தது கதை.

ஜன்னலோரம்:
விண்டோஸில் இந்தத் தலைவலியே இல்லை. வாவ்64 (64-பிட் விண்டோஸில் 32-பிட் நிரலை ஓட்டும் அடுக்கு) நிரலின் ரெஜிஸ்டர்களைப் படிக்க வாவ்64கெட்த்ரெட்கான்டெக்ஸ்ட் என்று தனி ஏபிஐ. சுத்தமான வேலை.

கம்பைலர்கந்தன்:
சுத்தமா? விண்டோஸ் டிபக்கரான விண்டிபிஜியில் 32-பிட் நிரலைத் திறந்தால் தொடக்கத்திலேயே இரண்டு பிரேக்பாயின்ட். முதலில் விண்டோஸின் அடிப்படை நூலகமான என்டிடிஎல்எல்-இன் 64-பிட் வடிவம், பிறகு 4000001எஃப் என்ற வேறு எண்ணோடு 32-பிட் என்டிடிஎல்எல். தொங்கிய நிரலின் டம்பை (நினைவக நகலை) 64-பிட் டாஸ்க் மேனேஜரில் எடுத்துவிட்டு, ஸ்டாக் முழுக்க வாவ்64சிபியு தெரிகிறதே என்று இங்கே வந்து புலம்பியவர் யார் என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

வேடன், யார் எழுதுவார் என்று கேட்டீர்களே. நிரலை அடைத்துவைக்கும் சாண்ட்பாக்ஸை ஏமாற்ற நினைப்பவன் எழுதுவான். 64-பிட்டில் 11 என்பது எம்அன்மேப், நினைவகத்தை விடுவிப்பது, யாரும் தடுக்க மாட்டார்கள். 32-பிட் பட்டியலில் 11 என்பது எக்ஸெக்விஇ, வேறு நிரலை ஓட்டுவது. சிஎஸ்-ஐ நம்பிய காவலாளி எம்அன்மேப் என்று வழிவிட்டால் உள்ளே வேறு நிரலே ஓடும். 2012 ஜனவரியில் கர்னல் அஞ்சல் பட்டியலில் இதே பிரச்சினைதான் பேசப்பட்டது, லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸும் வந்து பேசினார். கடைசியில் 2019-ல், 5.3 கர்னலில்தான் பீட்ரேஸில் கெட் சிஸ்கால் இன்ஃபோ என்ற வசதி வந்தது. அந்த அழைப்பு எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்று கர்னலே சொல்லிவிடும். சிஎஸ் போதும் என்றால் அதை எதற்குச் சேர்த்தார்கள்?

நிரல்வேடன்:
நான் டிபக்கிங் பற்றிச் சொன்னேன், ஐயா சாண்ட்பாக்ஸுக்குப் போய்விட்டார். போன தடவை வாட்ச்பாயின்ட் சண்டையிலும் இதே வித்தைதான். சிஎஸ் 23 என்றால் 32-பிட். இதில் எந்தச் சொல் பொய்?

பழம்பெருச்சாளி:
32-பிட்டுக்கு இன்னும் ஏன் இத்தனை பாடு? மேக் 2019-ல் கேட்டலினா பதிப்போடு தலைமுழுகிவிட்டது. உபுண்டுவும் அதே வருடம் அறிவித்தது.

ஜன்னலோரம்:
அறிவித்து, விளையாட்டுக் கடையான ஸ்டீம் தரப்பும், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் தரப்பும் கத்தியதும் வாலைச் சுருட்டிக்கொண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதுமுகம்:
மன்னிக்கவும், ஒரு சந்தேகம். 64-பிட் ஜிடிபியை வைத்து ஒரு பழைய 32-பிட் பைனரிக்கு அட்டாச் செய்தால், ஃபங்ஷன் அழைப்புகளைக் காட்டும் ஃபிரேம் எல்லாம் குழம்பி வருகிறது. என்ன செய்வது?

கம்பைலர்கந்தன்:
பெருச்சாளி, யாருக்கு வேண்டாமோ அவர்களுக்கு 6.7 கர்னலிலிருந்து பூட் செய்யும்போதே 32-பிட் நிரல்களை ஓட்டும் ஐஏ32 எமுலேஷனை அணைக்க வழி இருக்கிறது. அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள், மற்றவர்கள் வேலை செய்யட்டும்.

வேடனுக்கு: சிஎஸ்-ஐயும் சேர்த்து மாற்றும் ஃபார் ஜம்ப் ஒன்று போட்டால் 32-பிட் நிரலே நடுவழியில் சிஎஸ் 33-க்குத் தாவிவிடும். அடுத்த ஃபார் ஜம்பில் திரும்பி 23. விண்டோஸ் வைரஸ்காரர்களின் பழைய தந்திரம், லினக்ஸிலும் நடக்கும். அப்போது உங்கள் சிஎஸ் என்ன சொல்லும்?

நிரல்வேடன்:
33 என்று சொல்லும். அந்த நொடியில் அது 64-பிட் கோடுதானே? நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள், நன்றி.

கம்பைலர்கந்தன்:
படித்துவிட்டுப் பதில் போடுகிற வழக்கம் இல்லையா? கோடு எந்த மோடில் ஓடுகிறது என்பது ஒன்று, சிஸ்கால் எந்தப் பட்டியலுக்குப் போகிறது என்பது வேறு. இன்ட் 80, சிஎஸ் 33, ஸ்டாட், 8. இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

நிரல்வேடன்:
சிஎஸ் 23.

ஜன்னலோரம்:
அந்த டம்ப் விஷயம் நான் இல்லை. பழைய இழையைத் தேடி எடுத்துக் காட்டுங்கள், பார்க்கலாம்.