கொண்டிஸ் கரைசலுக்கு எக்ஸ் கதிர் லேசர் அடித்தால் ஒட்சியேற்ற எண் மிஞ்சுமா?

வெள்ளவத்தை மிஸ்:
கொழும்பு 6இல் ஏ.எல். இரசாயனவியல் படிப்பிக்கிறேன். போன சனிக்கிழமை மேசையில் இரண்டு குடுவை. ஒன்றில் மங்கனீசு +2, இருக்கா இல்லையா என்ற இளஞ்சிவப்பு. மற்றதில் கொண்டிஸ், அதாவது பொற்றாசியம் பரமங்கனேற்று, மங்கனீசு +7. கடைசி வாங்கில் இருக்கும் தம்பி ஒருவன், "மிஸ், நிறத்தை விட்டுட்டு இலத்திரனையே பார்த்துச் சொல்லேலாதா?" என்றான். ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

வீட்டுக்கு வந்து தேடினால், கலிபோர்னியாவின் எக்ஸ் கதிர் லேசரில் இதே +2, +7 சோடியைச் செய்து 2018இல் வெளியிட்டிருக்கிறார்கள். தூண்டிய காலலாம், அதாவது ஒரு போட்டன் தூண்டி மற்ற அணுக்களையும் ஒளி விடச் செய்வது. சதுர சென்ரிமீற்றருக்கு 10இன் 20ஆம் அடுக்கு வாற்று! அந்த அடியில் கரைசலிலுள்ள மங்கனீசுச் சேர்மமே சிதறிப் போகாதா?

தெகிவளைத் தம்பி:
சிதறும் மிஸ், ஆனால் பிந்தி. லேசர் அடித்து உள்ளோட்டு 1எஸ் இலத்திரன் போன வெற்றிடத்தை அடுத்த ஓட்டின் 2பீ இலத்திரன் ஒரு பெம்டோ செக்கனுக்குள் (10இன் -15ஆம் அடுக்குச் செக்கன்) நிரப்பி, கே-அல்பா என்ற எக்ஸ் கதிரை விடும். கரு அசைய அதற்குள் நேரமில்லை. வழமையான காலலில் ஒவ்வொரு அணுவும் நினைத்த திசையில் ஒளியை விடும். இங்கே ஒரே நேரத்தில் ஏராளமான அணுக்களில் 1எஸ் வெற்றிடம். கற்றைத் திசையில் முதலில் புறப்படும் போட்டன் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். கே-அல்பா கோட்டின் நடுப்பகுதிதான் வேகமாகப் பெருகும், அதனால் தொடக்கத்தில் கோடு இயற்கை அகலத்தையும் விட ஒடுங்குகிறது. பேராசைப்பட்டு நிரம்பல் வரை, அதாவது இனிப் பெருக ஏலாத அளவுக்கு, தள்ளினால் அகன்று, இடமும் மாறும். ஆனாலும் அந்த வலுவிலேயே +2, +7 வித்தியாசம் தெரிந்தது. +2இல் சோடியற்ற 3டீ இலத்திரன் ஐந்து, +7இல் ஒன்றுமில்லை. 2பீ வெற்றிடத்துக்கு அது உறைக்கும்.

வெள்ளவத்தை மிஸ்:
சரி, 3டீ தான் முக்கியமென்றால், 3பீ இலத்திரன் 1எஸ்ஸுக்கு இறங்கும்போது வரும் கே-பீற்றா கோடு நல்லதல்லவா? அப்புறம், பொற்றாசியத்தை விட்டுச் சோடியம் பரமங்கனேற்று எடுத்தது ஏன்?

தெகிவளைத் தம்பி:
பீற்றா நல்லதுதான், ஆனால் நோஞ்சான். தானாகப் பெருக விட்டால் அல்பா முந்திவிடும். அதனால்தான் பிறகு இரண்டாவது நிறத் துடிப்பை வித்தாக அனுப்பிப் பீற்றாவைத் தூண்டினார்கள், 2020இல் வந்தது.

கொட்டாஞ்சேனை ஆய்வுகூடம்:
சோடியம் கேள்விக்கு நான். கொண்டிஸ் 20 பாகையில் 100 மில்லிலீற்றர் நீரில் 6 கிராம் சொச்சம்தான் கரையும். கற்றை போகும் வழியில் மங்கனீசு நெருக்கமாக இல்லாவிட்டால் பெருக்கம் ஏறாது. சோடியம் உப்பு தாராளமாகக் கரையும்.

வெள்ளவத்தை மிஸ்:
நன்றி தம்பிமார். அந்தக் குடுவையைக் கழுவப் போய் விரலெல்லாம் பழுப்பு. மங்கனீசு ஈரொட்சைட்டு, +4. சனிக்கிழமை அவன் அதையும் கேட்பான்.