புதுப்பிப்பு: 'கோபல்ல கிராமம்' படித்து முடித்தேன்

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவலைக் கரிசல் வட்டாரச் சொற்கள் பிடிபடாமல் இருமுறை பாதியிலேயே மூடிவைத்ததைச் சொல்லி, சென்ற மாதம் இங்கே வழி கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இம்முறை கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டேன்.

கி.ரா. தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படி சொன்ன யோசனையைத்தான் முதலில் பின்பற்றினேன். தேடிய சொற்கள் பல கிடைத்தன என்றாலும், அடிக்கடி அகராதியைப் புரட்டியதில் கதையின் ஓட்டம் அறுந்துபோனது. உண்மையில் பலன் தந்தது, வாய்விட்டுப் படிக்கச் சொன்ன மற்றொரு நண்பரின் யோசனை. தெலுங்கு நாட்டிலிருந்து கோபல்ல கிராமத்தார் தெற்கே வந்து சேர்ந்த கதையை, நாவலில் வரும் பாட்டி மங்கத்தாயாரம்மாள் சொல்லும் பகுதியை உரக்கப் படித்தபோது, கண்ணுக்கு முரண்டு பிடித்த சொற்கள் காதுக்கு எளிதாகப் பழகின.

எதிர்பாராத உதவி ஒன்றும் கிடைத்தது. கோவில்பட்டிப் பக்கம் பிறந்த என் அம்மா, முறத்தில் நிலக்கடலை உடைத்துக்கொண்டே கேட்டிருந்து, நான் தடுமாறிய இடங்களில் நிமிர்ந்து பார்க்காமலே பொருள் சொன்னார், மூன்றாம் நாள் முதல், "இன்னைக்கு வாசிக்கலையா?" என்று அவரே கேட்கத் தொடங்கினார்.

1991ஆம் ஆண்டு சாகித்ய அகாதமி விருது பெற்ற 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலிலிருந்தே தொடங்கலாம் என்ற பரிந்துரையை மட்டும் நான் ஏற்கவில்லை. அது இதன் தொடர்ச்சி என்பதால், வரிசைப்படி படிப்பதே நல்லது. நேற்று இரவு அதன் முதல் அத்தியாயத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.