சேமித்த செயல்முறைக்கு 'திருப்பு' என்ற ஒரே வினை போதாது

நண்பர்களுக்கு வணக்கம்.

தரவுத்தளத்திலேயே சேமித்துவைத்து, பெயர் சொல்லி அழைக்கும் நிரலே சேமித்த செயல்முறை (ஸ்டோர்டு புரொசீஜர்). அதிலிருந்து வெளியே வரும் எல்லாவற்றையும் தமிழில் 'திருப்பும் மதிப்பு' என்றே அழைக்கலாம் என்ற யோசனை எனக்கு உடன்பாடில்லை. சாதாரண நிரல்மொழிகளில் அது செல்லும். செயற்கூறு (ஃபங்ஷன்) ஒரு மதிப்பைத் தரும், அதோடு கதை முடிந்தது. தரவுத்தள மொழியில் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றும் வடிவத்திலும் வேறு, வந்துசேரும் வேளையிலும் வேறு.

எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் செயல்முறையின் ரிட்டர்ன் கட்டளை ஒரு முழு எண்ணை மட்டுமே தரும். எதுவும் குறிப்பிடாவிட்டால் 0. ஒரு பெயரையோ தேதியையோ அதில் அனுப்ப வழியில்லை. அதை விடை என்பதைவிட, வேலை எப்படி முடிந்தது என்ற சேதி என்பதே சரி. விடை ஒற்றை மதிப்பென்றால் வெளியீட்டு அளபுருவில் (அவுட்புட் பாராமீட்டர்), அதாவது அழைத்தவர் அதற்கென்று கொடுக்கும் மாறியில், வரும். பல நிரைகள் (அட்டவணை வரிசைகள், ரோ) என்றால், செயல்முறைக்குள் எழுதிய செலக்ட் என்ற வினவல் கட்டளையே அவற்றை நேராக அழைத்தவருக்கு அனுப்பிவிடும். அந்த நிரைகளைப் படித்து முடித்த பிறகுதான் அளபுருவின் மதிப்பும் முழு எண்ணும் அழைத்த நிரலுக்குக் கிடைக்கும். பலர் தடுமாறும் இடம் இது. மூன்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டு இந்த வரிசைமுறையை எப்படி விளக்குவது?

மற்ற தரவுத்தள மென்பொருள்களில் இது வேறுபடுகிறது. ஆரக்கிள் செயல்முறையில் ரிட்டர்ன் எழுதலாம், ஆனால் அதனுடன் மதிப்பு வைக்க முடியாது. மைஎஸ்கியூஎல் செயல்முறையில் ரிட்டர்னுக்கே இடமில்லை. போஸ்ட்கிரெஸில் 2018இல் வந்த 11ஆம் பதிப்பு வரை தனியாகச் செயல்முறை என்று ஒன்றே கிடையாது, செயற்கூறுதான் எல்லாம்.

இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. 'திரும்பு' தன்வினை, 'திருப்பு' பிறவினை. ஆரக்கிள் செயல்முறையில் கட்டுப்பாடு (அடுத்து எந்த வரி இயங்கும் என்பது) அழைத்த இடத்துக்குத் திரும்புகிறது, எதையும் திருப்புவதில்லை. போஸ்ட்கிரெஸின் ரிட்டர்ன் நெக்ஸ்ட் இதற்கு நேர்மாறு. ஒரு நிரையை விடையில் சேர்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போகிறது. கட்டுப்பாடு திரும்புவதே இல்லை. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் படிப்பவர் தவறாகத்தான் புரிந்துகொள்வார்.

ஆகவே என் முன்மொழிவு: கட்டுப்பாட்டுக்குத் 'திரும்பு', அதனுடன் வரும் முழு எண்ணுக்கு 'நிலை எண்'. செயற்கூறு தரும் மதிப்புக்குத் 'தருமதிப்பு'. வினைத்தொகையாக நிற்பதால் எந்தக் காலத்துக்கும் பொருந்தும். அளபுரு வழியாக வருவதற்கு 'நிரப்பு'. 'வெளியீடு' என்றால் திரையில் அச்சாவது என்ற நினைப்பு வருகிறது, உண்மையில் நடப்பதோ அழைத்தவர் கொடுத்த மாறியைச் செயல்முறை நிரப்புவது. அதனால் 'நிரப்பு அளபுரு'. ஒரு மதிப்போடு உள்ளே போய் வேறு மதிப்போடு வெளியே வருவது 'இருவழி அளபுரு'.

நிரைகளுக்கு 'வழங்கு'. ஃபயர்பேர்ட் என்ற தரவுத்தளத்தில் இதற்கான கட்டளையின் பெயர் சஸ்பெண்ட். ஒரு நிரையைக் கொடுத்துவிட்டு, அடுத்ததைக் கேட்கும்வரை செயல்முறை நிற்கும். அந்தப் பெயர் நிற்பதை மட்டும் சொல்கிறது, கொடுப்பதை விட்டுவிடுகிறது. 'வழங்கு' என்றால் ஒவ்வொன்றாகத் தொடர்ந்து கொடுப்பது தானாகவே விளங்கும். வழங்கப்படுவது 'விடைநிரைகள்'. ரிசல்ட் செட் என்பதற்கு 'முடிவுத் தொகுப்பு' வேண்டாம். முடிவு என்றதும் இறுதி, தீர்மானம் என்றெல்லாம் மனம் போகிறது. கணிதத்தில் செட் என்பதற்கு வழங்கும் 'கணம்' அறவே கூடாது. கணத்தில் ஓர் உறுப்பு இருமுறை வராது, விடைநிரைகளில் ஒரே நிரை எத்தனை முறையும் வரலாம்.

ஆரக்கிளின் ரெஃப் கர்சர் (விடைநிரைகளைச் சுட்டும் மாறி) எதில் சேரும் என்ற கேள்வி எழும். அப்புறம் நிரைகள்தானே வருகின்றன, 'வழங்கு' என்றே சொல்லலாமே என்று தோன்றும். ஆனால் அளபுரு வழியாகக் கொடுக்கும்போது செயல்முறை மாறியில் வைப்பது விடைநிரைகளை எட்டுவதற்கான ஒரு பிடியை மட்டுமே. நிரைகளை எடுப்பது பின்னர் அழைத்தவரின் வேலை. என் கணக்கில் அது 'நிரப்பு' தான்.