9 மாத ஊசி: சளி இருக்கிறது, எடையும் சரியாக ஏறவில்லை

பாப்பா_அம்மா (பல்லடம்):
பாப்பாவுக்கு 9 மாதம் முடிந்துவிட்டது. வரும் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி, அதுவும் ஒரே நாளில் மூன்று. மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கிறது, காய்ச்சல் இல்லை. "சளியோட போட வேண்டாம், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்கிறார் அத்தை. அப்புறம் எடை. 6 மாதத்தில் 7 கிலோ இருந்தாள், இப்போது 7.4தான். துறுதுறுவென்று தவழ்கிறாள். தாய்ப்பாலோடு இரண்டு வேளை ராகிக் கூழ், பாட்டிலில் தண்ணியாகக் கரைத்துத் தருகிறோம். தனியாக டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

ஈரோட்டு அப்பா:
எங்கள் பையனுக்கும் மூக்கு ஒழுகும்போதுதான் போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் கழித்து லேசான காய்ச்சலும் சிவப்புப் பொரியும் வந்தது. தட்டம்மை ஊசிக்கு அப்படி வரலாம் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா:
நான் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். கண்ணு, புதன்கிழமையே போ. வெறும் சளிக்காக ஊசியைத் தள்ளக் கூடாது. அம்மாவிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி கரைகிற வயசு இது. தட்டம்மை வந்தால் நிமோனியா வரை கொண்டுபோய்விடும். மூன்று ஊசியையும் வெவ்வேறு இடத்தில்தான் போடுவார்கள், ஒரே நாளில் போடலாம். கூடவே வைட்டமின் ஏ திரவமும் வாயில் ஊற்றுவார்கள்.

ஆனால் ஊசியோடு வேலை முடிந்தது என்று நினைக்காதே. போனதும் முதலில் எடை போடச் சொல். ஊசிக்கு அப்புறம் அழுது துள்ளுகிற பிள்ளைக்குத் தராசு முள் ஒரு இடத்தில் நிற்காது. தாய் சேய் அட்டைக்குள் பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் எடை வரைபடம் இருக்கும். கூட்டத்தில் எடையை மட்டும் எழுதிவிட்டுப் புள்ளி வைக்காமல் விடுவது உண்டு. நீயே கேட்டு வைக்க வை, பழைய புள்ளியோடு கோட்டையும் இழுக்கச் சொல். 7.4 பச்சைப் பகுதியில்தான், அதாவது வயசுக்குச் சரியான எடைப் பகுதியில்தான் விழும், அதனால் பயப்படாதே. ஆனால் இந்த 3 மாதத்தில் பெண் குழந்தை சராசரியாக 900 கிராம் ஏறும், உன் மகள் 400தான் ஏறியிருக்கிறாள். அங்கேயே மருத்துவ அலுவலரிடம் காட்டிவிடு.

என் கண்ணுக்கு முதலில் படுவது அந்தப் பாட்டில்தான். தண்ணிக் கூழில் வயிறு நிறையும், சத்து சேராது. கரண்டியைச் சாய்த்தால் வழியாமல் ஒட்டி நிற்கிற பதத்தில் குழைத்து, கிண்ணத்தில் வைத்து ஊட்டு. பருப்புச் சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய், மசித்த முட்டை மஞ்சள் கரு, வாழைப்பழம் என்று மூன்று நான்கு வேளை கொடு, தாய்ப்பாலும் தொடரட்டும். இரும்புச்சத்து சிரப் தருகிறார்களா என்று கேள். வாரம் இரண்டு முறை 1 மில்லி. மலம் கறுத்துப் போகும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதே.

ஊசிக்கு அப்புறம் அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். கேட்க வேண்டியதை எல்லாம் அப்போது கேட்டுவிடு. வீட்டில் ஒன்று பார்த்துவிட்டுப் போ: அவள் கண்ணில் படாமல் பின்னால் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடு. திரும்பவில்லை என்றால் இரண்டு மூன்று தடவை வேறு வேறு நேரத்தில் செய்து பார். அப்படியும் திரும்பாவிட்டால் காது பரிசோதனைக்கு எழுதித் தரச் சொல்.

பாப்பா_அம்மா:
போட்டுவிட்டோம் அம்மா! தராசில் 7.3, பச்சையில்தான் இருக்கிறாள். கூப்பிட்டால் உடனே திரும்புகிறாள். மாதாமாதம் எடை பார்க்கச் சொன்னார் டாக்டர். அடுத்த ஊசி எப்போது?

ஓய்வுபெற்ற நர்ஸம்மா:
சந்தோஷம் கண்ணு. எடையைப் பால்வாடியிலேயே பார்த்துக்கொள்ளலாம். அடுத்த ஊசி 16 மாதம் முடிந்ததும். நிறைய பேர் விட்டுவிடுவது அதைத்தான், முதல் பிறந்தநாளோடு அட்டை பீரோவுக்குள் போய்விடும். தட்டம்மை இரண்டாம் தவணை, முத்தடுப்பு (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ்) பூஸ்டர், போலியோ சொட்டு மருந்து எல்லாம் அப்போதுதான். பேச்சையும் அன்றைக்கே கேள். ஒன்றிரண்டு சொல்லாவது அர்த்தத்தோடு சொல்கிறாளா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறாளா என்று பார். இல்லையென்றால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று அத்தை சொன்னாலும் டாக்டரிடம் காட்டிவிடு.