'கொள்ளளவு உணரி'யா, 'மின்தேக்கு அண்மையுணரி'யா?

வணக்கம் ஐயா,

அருகில் வரும் பொருளைத் தொடாமலே கண்டுகொள்ளும் 'capacitive proximity sensor' என்னும் கருவிக்குத் தாங்கள் முன்மொழிந்த 'உலோகமிலி உணரி' நாவுக்கு இதமான சொல்தான். ஆயினும் அக்கருவி உலோகத்தையும், சொல்லப்போனால் உலோகத்தை இன்னும் எளிதாகவே, கண்டுகொள்வதால் அப்பெயர் பாதி உண்மையையே சொல்கிறது. எதைக் கண்டுகொள்கிறது என்பதைவிட, எது மாறுவதால் கண்டுகொள்கிறது என்பதிலிருந்து பெயர் பிறப்பதே முறை.

மின்தூண்டல் (inductive) வகை உணரி, எதிரே வரும் உலோகத்தில் எழும் சுழல் மின்னோட்டத்தை நம்பியிருப்பதால் மரத்துக்கும் நெகிழிக்கும் அசைந்து கொடுப்பதில்லை. நாம் பெயர் தேடும் கருவியோ, தன் முகப்பிலுள்ள மின்வாயிலிருந்து (electrode) வெளியே விரியும் மின்புலத்துக்குள் எப்பொருள் நுழைந்தாலும், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறனான மின்தேக்குத்திறன் (capacitance) கூடுவதையும், அதனால் உள்ளிருக்கும் அலையியற்றியின் (oscillator) அலைவு மாறுவதையும் கொண்டே இயங்குகிறது. ஒரு பொருள் மின்தேக்குத்திறனை எத்தனை மடங்காக்கும் என்பதைச் சொல்லும் 'ஒப்புமை விடுதிறன்' காற்றுக்கு ஏறத்தாழ 1. உலர்ந்த ரப்பருக்கும் செம்பனை எண்ணெய்க்கும் 3-ஐ ஒட்டியது. அறை வெப்பநிலையிலுள்ள தண்ணீருக்கோ சுமார் 80. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து ரப்பர் பாலில் பாதிக்கும் மேல் தண்ணீர் என்பதால், நெகிழித் தொட்டியின் வெளிச்சுவரில் ஒட்டிவைத்த உணரியே உள்ளே பால் ஏறிய மட்டத்தை அறிந்துவிடும். அதே பால் காய்ந்து ஷீட்டான பிறகு, உணரியை மிக அருகில் கொண்டுபோக வேண்டியிருக்கும். முகப்பில் படியும் ஈரமும் அதை ஏமாற்றும். மழைக்குக் குறைவில்லாத நம் ஊரில் இதை மறக்கலாகாது.

மின்தேக்குத்திறனுக்கு இலங்கை வழக்கான 'கொள்ளளவம்' எனக்குப் பிடித்த சொல். ஆனால் தொட்டியின்மேல் 'கொள்ளளவு உணரி' என்று எழுதி ஒட்டினால், எத்தனை லிட்டர் என்றுதான் கேட்பார்கள். 'தேக்கு உணரி' என்று சுருக்கினாலோ, தேக்கு மரத்தை மோப்பம் பிடிக்கும் கருவியாகிவிடும்! ஆகவே 'மின்' என்னும் முன்னொட்டை விடாமல் 'மின்தேக்கு அண்மையுணரி' என்பதையே முன்வைக்கிறேன். 'மின்தூண்டல் அண்மையுணரி'யோடு இணையாகவும் நிற்கும். மலாய் மொழியில் புலனைக் குறிக்கும் 'டெரியா'விலிருந்து, உணரியைக் குறிக்கும் 'பெண்டெரியா' பிறந்ததைப் போலவே, நம் 'உணரி'யும் உணர்தலிலிருந்து வந்தது. அதில் கைவைக்க வேண்டியதில்லை.

பல உணரிகளின் பின்புறத்தில் உள்ள, எட்டும் தொலைவைக் கூட்டிக் குறைக்கும் சிறு ஸ்குருவுக்கு 'உணர்திறன் திருகு' எனலாமா?

அன்புடன்.