பதில்: 'ரீப்ளே'க்கு 'எடுத்தெழுதல்' சரியா?

வணக்கம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் வரும் 'ரீப்ளே'க்குத் தமிழில் 'எடுத்தெழுதல்' என்று வைக்கலாம் என்றதற்கு வந்த கேள்வி இது:

> ரெகவரிக்கு 'மீட்பு' இருக்கிறதே, தனியாக இன்னொரு சொல் எதற்கு?

சர்வர் விழுந்து எழும்போது 'மீட்பு' சரிதான். ஆனால் போஸ்ட்கிரெஸில் துணைச் சர்வர் (முதன்மைச் சர்வரின் நகலை வைத்திருப்பது) ஆண்டு முழுக்க ரெகவரியில்தான் கிடக்கிறது. அங்கே எதுவும் தொலையவில்லை. முதன்மைச் சர்வரிலிருந்து வால் (WAL, ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதிவைக்கும் பதிவு) வந்துகொண்டே இருக்கும், அதை வரிசை மாறாமல் தரவுக் கோப்புகளில் ஏற்றுவதுதான், அதாவது ரீப்ளேதான், வேலை. "மீட்பில் சிபியூ 100%" என்று ஒருமுறை எழுதிவிட்டேன், மேலாளர் பதறிப்போய் "எது போச்சு?" என்று போன் செய்தார்.

பதினொன்றாம் வகுப்பில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: முதலில் குறிப்பேடு, அதிலிருந்து பேரேட்டில் எடுத்தெழுதல். வால் செய்வது அச்சாக இதுவே. எனவே வாலுக்கு 'முன்குறிப்பேடு' (வால் என்றே எழுதினால் மாடுதான் நினைவுக்கு வருகிறது), ரீப்ளேக்கு 'எடுத்தெழுதல்'.

சொல் சரியாக இருந்தால் கோளாறும் சீக்கிரம் பிடிபடும். எங்கள் துணைச் சர்வரில் 16 கோர். டாப் கட்டளையில் பார்த்தால் மொத்தச் சிபியூ 6 சதவீதம்தான், ஆனால் ஒரே ஒரு கோர் மட்டும் 100-இல் ஒட்டிக்கொண்டு நின்றது. பிஎஸ் கட்டளையில் பார்த்தால் அது ஸ்டார்ட்அப் புராசஸ், எடுத்தெழுதும் வேலையைச் செய்வது அதுதான். பக்கத்தில் அது ஏற்றிக்கொண்டிருக்கும் வால் கோப்பின் 24 எழுத்துப் பெயர். வழக்கமாகப் பத்து நொடிக்குள் மாறும் பெயர், அன்று நிமிடக்கணக்கில் அசையவில்லை. வால் வந்து சேர்ந்த இடம் முதன்மையோடு ஒட்டியே இருந்தது, எழுதி முடித்த இடம்தான் பின்தங்கியிருந்தது. ஆக நெட்வொர்க் மேல் பழியில்லை. முதன்மையில் எழுத நூறு பேர், இங்கே எடுத்தெழுத ஒரே ஆள்.

சிபியூ நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியைப் போட்டதும் தெரிந்தது. இரவு வேலை ஒன்று ஆயிரக்கணக்கான சின்ன அட்டவணைகளை ஒவ்வொன்றாக டிராப் செய்கிறது, அதாவது நீக்குகிறது. ஷேர்டு பஃபர் (தரவுப் பக்கங்களை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்) 32 ஜிபி, அதாவது 8 கேபி வீதம் சுமார் 42 லட்சம் பஃபர். அது போஸ்ட்கிரெஸின் 13ஆம் பதிப்பு. ஒவ்வொரு டிராப்புக்கும் அத்தனையையும் தலையிலிருந்து கால்வரை துழாவும். முதன்மையில் இந்தச் சுமை பல இணைப்புகளுக்குப் பிரிந்துபோனதால் யாரும் கவனிக்கவில்லை. எல்லா டிராப்பையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் போட்டோம், ஒரே துழாவலில் முடிந்தது. 2021-இல் வந்த 14ஆம் பதிப்பில், எடுத்தெழுதும்போது சின்ன அட்டவணைகளுக்கு இந்த முழுத் துழாவலே பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

'எடுத்தெழுதல்' என்றால் காப்பி அடிப்பது போல இருக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயம்தான். முதன்மையின் நகலைத் துணையில் வைத்திருக்கும் ரெப்ளிகேஷனுக்குப் 'படியெடுப்பு' என்று வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் லேக், அதாவது துணைச் சர்வர் பின்தங்கியிருக்கும் அளவு. 'தாமதம்' நேரத்தைத்தான் சொல்லும். நாம் பார்ப்பது பெரும்பாலும் பைட் கணக்கு, இன்னும் எழுத வேண்டியது எவ்வளவு என்று. அதற்கு 'நிலுவை'யை விட நல்ல சொல் எனக்குத் தோன்றவில்லை: "நிலுவை 40 ஜிபி." யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

ஸ்டார்ட்அப் புராசஸுக்குத்தான் இன்னும் பெயர் அமையவில்லை. எங்கள் குழுவில் இப்போதைக்கு 'கணக்குப்பிள்ளை' என்கிறோம்.